டெல்ட்ரான் 3030 கேட்டேன், கதை பிடிபடவில்லை. குறை என்னிடமா, ஆல்பத்திடமா?

கேள்வி இது: "டெல்ட்ரான் 3030 ஆல்பத்தை முழுதாக இரண்டு முறை கேட்டுவிட்டேன். அறிவியல் புனைகதை ஆல்பம் என்கிறார்கள். ஆனால் கதை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்றே பிடிபடவில்லை. இந்த மாதிரி ஆல்பங்களை எப்படிக் கேட்பது? சுயாதீன ஹிப்-ஹாப் கலைஞர்களுக்கு விண்வெளி மேல் ஏன் இவ்வளவு ஈர்ப்பு? அடுத்து எதைக் கேட்கலாம்?"

குறை உங்களிடம் இல்லை. அந்த ஆல்பத்தில் பிடித்துக்கொள்ளும்படியான கதை கொஞ்சம்தான். இருக்கும் கதையை நாலு வரியில் சொல்லிவிடலாம். ஆண்டு 3030. பெருநிறுவனங்கள் அண்டத்தையே ஆள்கின்றன. முன்பு இயந்திரக் கவசம் பூட்டிப் போரிட்ட வீரனும் கணினியில் கைதேர்ந்தவனுமான டெல்ட்ரான் ஸீரோ, அந்த ஆட்சியை எதிர்த்துக் கிளம்புகிறான். கோள்கோளாகப் போய் ராப் போட்டிகளில் மோதி, விண்மீன் மண்டலத்தின் சாம்பியன் ஆகிறான். 21 டிராக்குகளில் இதைத் தாண்டி நிகழ்வு என்று பெரிதாக எதுவும் நகர்வதில்லை. நடுவில் வரும் சில பாட்டுகளுக்கும் இந்தக் கதைக்கும் தொடர்பே இல்லை என்றுகூடச் சொல்லலாம். ஒரு நாவலைப் படிப்பதுபோல "அடுத்து என்ன நடந்தது" என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

ஆனாலும் இருபது ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஆல்பத்தை விடாமல் கேட்பவர்கள் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். திரும்பத் திரும்ப என்னை அங்கே இழுப்பது அந்த உலகம். முன்பின் தெரியாத ஊரில் இறங்கினால் யாரும் நமக்கு அந்த ஊரின் வரலாற்றை உட்காரவைத்துச் சொல்வதில்லை. சுவரொட்டி, விளம்பரம், செய்தி, தெருச்சண்டை, பக்கத்து மேசைப் பேச்சு என்று துண்டு துண்டாகத்தான் ஊர் பிடிபடும். இந்த ஆல்பமும் அப்படித்தான் கட்டப்பட்டிருக்கிறது. பாட்டுகளுக்கு நடுவே வரும் குட்டித் துண்டுகளை, ஸ்கிட் என்பார்களே அவற்றை, நீங்கள் தாண்டிப் போயிருந்தால் ஊரையே தாண்டிப் போயிருக்கிறீர்கள். ஒரு துண்டு செய்தி அறிக்கை. அந்தச் செய்தி முழுக்க முழுக்க ஒரு மென்பொருள் நிறுவனத்தின் கிளை என்று தலைப்பிலேயே எழுதியிருக்கிறது. இன்னொரு துண்டு ஒரு குளிர்பானத்தின் பெயரைத் தாங்கியது. ஒன்றில் திரைவிமர்சனம். ஒவ்வொன்றும் மிகக் குறுகியதுதான். பேரரசு எப்படி ஆள்கிறது என்பதை நீண்ட பாட்டுகளைவிட இந்தத் துண்டுகள்தான் கூர்மையாகச் சொல்கின்றன. அதன் ஆட்சி துப்பாக்கி முனையைவிட விளம்பரத்தின் வழியாகவே அதிகம் நடக்கிறது.

யார் செய்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2000ஆம் ஆண்டு மே மாதம், 75 ஆர்க் என்ற சிறிய லேபிளில், அதாவது இசை வெளியீட்டு நிறுவனத்தில், வந்தது. ராப் செய்தவர் கலிஃபோர்னியாவின் ஓக்லாண்டைச் சேர்ந்த டெல் த ஃபங்கி ஹோமோசேப்பியன். இசையமைப்பும் தயாரிப்பும் டான் த ஆட்டோமேட்டர். இசைத்தட்டைக் கையால் முன்னும் பின்னும் தேய்த்து ஸ்க்ராட்ச் செய்தவர் மான்ட்ரியாலைச் சேர்ந்த கிட் கோவாலா. மூவருக்கும் கதைக்குள் வேறு வேறு பெயர்கள். தொடக்கத்தில் அறிவிப்பாளர்போலப் பேசும் குரல் ப்ளர் இசைக்குழுவின் டேமன் ஆல்பர்னுடையது. அடுத்த ஆண்டே ஆல்பர்னின் கொரில்லாஸ் குழுவின் முதல் ஆல்பத்தை ஆட்டோமேட்டர்தான் தயாரித்தார். அதில் உலகமெல்லாம் ஒலித்த 'கிளின்ட் ஈஸ்ட்வுட்' பாட்டில் ராப் செய்தவர் டெல். பெயர் தெரியாமலே அவர் குரலை நீங்கள் ஏற்கெனவே கேட்டிருக்கக்கூடும்.

இனி, உங்கள் இரண்டாவது கேள்வி. அறிவியல் புனைகதையும் ராப்பும் ஏன் இவ்வளவு இயல்பாக ஒட்டுகின்றன?

முதல் காரணம் ராப்பின் 'நான்'. போட்டி ராப்பில் பேசுகிறவன் எப்போதுமே தன்னை மலையளவு பெரிதாக்கித்தான் பேசுவான். நமக்கு இது புதிதில்லை. வாய் திறப்பதற்குள் நூற்றுக்கணக்கில் பாட்டு கொட்டும், சும்மா இருக்கும்வரைதான் சும்மா என்று சவால் விட்ட காளமேகத்தை அறிந்தவர்களுக்கு அந்த மிடுக்கு உடனே புரியும். சாதாரணமாக ஒரு ராப்பர் "என் சொல் உன்னைச் சாம்பலாக்கும்" என்றால் அது உயர்வு நவிற்சி. 3030ஆம் ஆண்டில் அதே வரியைச் சொன்னால் அது நடப்பு. கையில் உண்மையிலேயே கதிர்வீச்சுக் கருவி இருக்கிறது, எதிரில் உண்மையிலேயே ஒரு கோள் இருக்கிறது. மிகையாகப் பேசும் கலைக்கு, மிகை எதுவும் மிகையாக இல்லாத ஓர் உலகத்தைக் கட்டிக்கொடுத்தார் டெல். 'வைரஸ்' பாட்டை இந்தக் காதோடு கேளுங்கள். எல்லாக் கணினிகளையும் முடக்கிப்போடும் ஒரு நச்சுநிரலை எழுதப்போகிறேன் என்று ஒருவன் பேசுகிறான். கேட்டால் வீரம் பேசுவதுபோலவும் இருக்கும், சதித்திட்டம் தீட்டுவதுபோலவும் இருக்கும். புத்தாயிரம் பிறந்ததும் கணினிகள் நின்றுவிடும் என்று உலகமே பயந்து ஓய்ந்த ஐந்தாவது மாதத்தில் அந்தப் பாட்டு வந்தது.

சொல்லடுக்கையும் இங்கே சொல்ல வேண்டும். பல ராப்பர்கள் வரியின் கடைசியில் மட்டும் இயைபு வைப்பார்கள். டெல் வரிக்குள்ளேயே மூன்று நான்கு இடங்களில் எதுகையும் இயைபுமாகக் கோத்துக்கொண்டு போவார். அந்த இடங்களில் வந்து விழும் சொற்கள் இயந்திரவியல், உயிரியல், கணினி என்று பாடப்புத்தகத்திலிருந்து எழுந்து வந்தவைபோல இருக்கும். சொற்கள் எல்லாமே புரிய வேண்டும் என்று முதலில் மெனக்கெடாதீர்கள். முதல் சில முறை அவை ஒரு கப்பலின் என்ஜின் சத்தம். பிறகு மெல்ல மெல்லப் பொருள் வரும்.

இரண்டாவது காரணம்தான் எனக்கு நெருக்கமானது. ஹிப்-ஹாப்பில் எதிர்காலத்தைப் பழைய இசைத்தட்டுகளைக் கொண்டுதான் செய்ய வேண்டியிருக்கிறது. '3030' என்ற ஏழு நிமிடத்துக்கும் மேற்பட்ட அந்த நீண்ட பாட்டில் சேர்ந்திசைக் குரல்களும் வயலின்களும் எழுந்து வரும் இடம் நினைவிருக்கிறதா? ஆயிரம் ஆண்டுகள் கழித்து ஒரு நகரம் எரிவதைத் தொலைவில் நின்று பார்ப்பதுபோல இருக்கும். அது வில்லியம் ஷெல்லர் என்ற பிரெஞ்சு இசையமைப்பாளரின் 'லக்ஸ் ஏட்டெர்னா'விலிருந்து எடுத்த சாம்பிள், அதாவது பழைய பதிவிலிருந்து வெட்டியெடுத்த துண்டு. 1972இல் வெளியான தட்டு. அவர் அதை ஒரு நண்பரின் திருமணத்துக்கான வழிபாட்டு இசையாக எழுதினார். யாரோ ஒருவருடைய கல்யாணத்துக்காகப் பிறந்த இசை, பழைய தட்டுக் குவியலில் கிடந்து, ஆட்டோமேட்டரின் காதில் பட்டு, கனமான டிரம்ஸ் மேல் ஏறி, நிறுவனங்கள் ஆளும் அண்டத்தின் கீதம் ஆகிவிட்டது. திரைப்படத்தில் எதிர்காலத்தைக் காட்ட அரங்கு போட வேண்டும், கணினி வரைகலை வேண்டும், கோடிகள் வேண்டும். இங்கே தேவைப்பட்டது ஒரு பழைய தட்டும் அதைக் கேட்கத் தெரிந்த காதும். சிறு லேபிள்காரர்களால் இவ்வளவு பெரிய உலகத்தைக் கட்ட முடிந்ததற்கு இதுதான் அடிப்படை.

கிட் கோவாலாவின் ஸ்க்ராட்சையும் இதே கோணத்தில் கேளுங்கள். வழக்கமான ஹிப்-ஹாப்பில் ஸ்க்ராட்ச் ஓர் அலங்காரம். இங்கே அது பழுதடைந்த ஒலிபரப்புபோல, எங்கிருந்தோ அலைவரிசை மாறி வரும் செய்திபோல ஒலிக்கிறது. மனிதக் குரல் பாதி இயந்திரமாகிவிட்ட உலகத்துக்கு அதைவிடப் பொருத்தமான வாத்தியம் எனக்குத் தெரியவில்லை.

'சுயாதீனம்' என்பதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும், ஏனென்றால் கதையின் கரு அங்கேதான் இருக்கிறது. டெல் தன் 18, 19 வயதில் எலெக்ட்ரா என்ற பெரிய லேபிளில் தொடங்கியவர். 1991இல் முதல் ஆல்பம், 1993இல் இரண்டாவது. மூன்றாவதைச் செய்துகொண்டிருந்தபோது லேபிள் அவரைக் கைவிட்டது. அவரும் ஓக்லாண்ட் நண்பர்களும் சேர்ந்த ஹையரோகிளிஃபிக்ஸ் குழு, தங்களுக்கென்று ஒரு லேபிளைத் தொடங்கி, கைவிடப்பட்ட அந்த மூன்றாவது ஆல்பத்தைத் தங்கள் இணையதளம் வழியாகவே கேசட்டாக விற்றது. இணையத்தில் பாட்டு விற்பது இன்று சாதாரணம். 1990களில் அது அறிவியல் புனைகதைதான். இதைத் தெரிந்துகொண்டு, பெருநிறுவனங்கள் ஆளும் அண்டத்தில் ஒரு கணினிக்காரன் தன் சொல்லை மட்டும் நம்பி எதிர்த்து நிற்கிறான் என்ற கதையைத் திரும்பக் கேளுங்கள். டெல் தன் வாழ்க்கையைத்தான் ஆயிரத்து முப்பது ஆண்டுகள் தள்ளி வைத்துச் சொல்லியிருக்கிறார் என்று நான் நினைக்கிறேன். ராப் போட்டியில் வெல்வதும் பேரரசை வீழ்த்துவதும் ஏன் அந்த ஆல்பத்தில் ஒரே காரியம்போல நடக்கின்றன என்பதும் அப்போது விளங்கும். அவருக்கு அது ஒரே போராட்டம்தான்.

விண்வெளி இந்த இசைக்குள் 2000இல் வந்து நுழைந்ததும் இல்லை. ஜாஸ் இசைஞர் சன் ரா, தான் சனிக்கோளிலிருந்து வந்தவன் என்று வாழ்நாள் முழுக்கச் சொன்னார். ஜார்ஜ் கிளின்டனின் பார்லிமென்ட் குழு 1975இல் 'மதர்ஷிப் கனெக்‌ஷன்' ஆல்பத்தை வெளியிட்டு, அதன் பிறகு மேடையில் ஒரு விண்கலத்தையே இறக்கியது. அந்தக் கலத்தின் மறுவடிவம் இன்று வாஷிங்டனில், ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்றுக்கான தேசிய அருங்காட்சியகத்தில் இருக்கிறது. டெல்லின் முதல் ஆல்பமே கிளின்டனின் பழைய பாட்டுகளை அடித்தளமாகக் கொண்டதுதான், அதன் தலைப்பில் வரும் 'ஜார்ஜ்' அவரைச் சுட்டுவதுதான். ஹிப்-ஹாப் பக்கம் 1982இல் ஆஃப்ரிகா பம்பாட்டாவின் 'பிளானட் ராக்' வந்தது. ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழுவின் மெட்டையும் தாளத்தையும் எடுத்து, டிஆர்-808 என்ற டிரம் இயந்திரத்தில் வாசித்து, நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியை வேறொரு கோள்போல ஒலிக்கவைத்த பாட்டு அது.

இந்த மரபைப் பற்றி எழுதிய விமர்சகர் மார்க் டெரி 1990களின் தொடக்கத்தில் 'ஆஃப்ரோஃபியூச்சரிசம்' என்ற சொல்லை உருவாக்கினார். அதைப் பற்றி அவர் சொன்ன ஒரு கருத்து என்னை விட்டு அகலுவதே இல்லை. வேற்றுலகத்தார் வந்து, மனிதர்களைக் கடத்திக் கப்பலில் ஏற்றி, மொழியும் பெயரும் பிடுங்கி, உடலை ஆய்வுப்பொருளாக்குவது மற்றவர்களுக்குக் கற்பனைக் கதை. அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு அது நடந்து முடிந்த வரலாறு.

இந்த இடத்தில்தான் நீங்கள் அடுத்துக் கேட்க வேண்டிய ஆல்பம் வருகிறது: கிளிப்பிங் குழுவின் 'ஸ்ப்ளெண்டர் அண்ட் மிசரி', 2016. லாஸ் ஏஞ்சலஸைச் சேர்ந்த மூவர். ராப் செய்பவர் டேவீட் டிக்ஸ், இரைச்சலையும் இயந்திர ஒலியையும் இசையாக்குபவர்கள் வில்லியம் ஹட்சனும் ஜொனாதன் ஸ்னைப்ஸும். நீங்கள் எதிர்பார்த்த 'கதை' இதில் உண்டு. அடிமைகளை ஏற்றிச்செல்லும் ஒரு விண்கலத்தில் கலகம் வெடிக்கிறது. கப்பல் உள்ளிருப்பவர்களை அடக்க வாயுவைத் திறந்துவிடுகிறது. எஞ்சுபவன் ஒருவன், சரக்கு எண் 2331 என்று மட்டுமே குறிக்கப்படுபவன். கப்பலின் கணினிக்கு அவன்மேல் காதல் வருகிறது. திரும்பிப் போக அவனுக்கு ஓர் ஊரும் இல்லை. கடைசியில் வரைபடத்தில் இல்லாத திசை நோக்கிக் கப்பலைத் திருப்புகிறான். இடையிடையே, வாத்தியம் எதுவும் இல்லாமல் பழைய அடிமைப் பாடல்களின் சாயலில் சேர்ந்திசை எழும்பும். இரைச்சலுக்கும் அந்தக் குரல்களுக்கும் நடுவே நாற்பது நிமிடங்கூட இல்லாத ஒரு முழு வாழ்க்கை.

டெல்ட்ரானோடு ஒப்பிட்டுக் கேட்டால் ஒன்று காதில் பளிச்சென்று படும். கிளிப்பிங் குழு தங்களுக்கென்று ஒரு விதி வைத்திருக்கிறது: டிக்ஸ் 'நான்' என்று பேசுவதில்லை. ஹிப்-ஹாப்பின் உயிர்நாடியான அந்த ஒற்றைச் சொல்லை எடுத்துவிட்டார்கள். டெல்ட்ரான் ஸீரோ மூச்சுக்கு மூச்சு 'நான்' என்கிறான், அந்த உலகமே அவன் வாயிலிருந்து பிறக்கிறது. எண் 2331க்கு அந்தச் சொல் இல்லை. அவனைப் பற்றி மற்றவர்கள்தான் பேசுகிறார்கள், பெரும்பாலும் கப்பல் பேசுகிறது. பெயர் பிடுங்கப்பட்டவனுடைய கதையைச் சொல்ல இதைவிடச் சரியான இலக்கணம் இருக்க முடியாது. 2017இல் இந்த ஆல்பம், அறிவியல் புனைகதைக்கான ஹியூகோ விருதின் இறுதிப் பட்டியலுக்கு வந்தது. விருது கிடைக்கவில்லை. ஆனால் நாவல்களுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் பழகிய அந்தப் பட்டியலில் ஒரு ராப் ஆல்பம் ஏறியதே எனக்குப் பெரிய மகிழ்ச்சி.

மற்ற ஆல்பங்களைச் சற்று வேகமாகச் சொல்கிறேன். டெல்ட்ரானுக்கு முன்னோடி 1996இல் ஆட்டோமேட்டர் தயாரித்த 'டாக்டர் ஆக்டகன்'. கூல் கீத் என்ற ராப்பர், வியாழன் கோளிலிருந்து காலப்பயணம் செய்து வந்த மருத்துவராக நடிப்பார். ஒலிநயத்தில் டெல்ட்ரானைவிடத் துணிச்சலானது. ஆனால் கொச்சை மிக அதிகம், பெண்களைப் பற்றிய பேச்சு பல இடங்களில் முகம் சுளிக்கவைக்கும். தெரிந்துகொண்டு கேளுங்கள். எம்எஃப் டூம் என்ற ராப்பர் 2003 ஒரே ஆண்டில் இரண்டு வேடங்கள் போட்டார்: கிங் கீடோரா என்ற மூன்று தலை விண்வெளி அரக்கன், விக்டர் வான் என்ற காலப்பயண விஞ்ஞானி. முதலாவதில் ஜப்பானிய அரக்கப் படங்களின் வசனங்கள் சாம்பிளாக வரும், மனித இனத்தை வெளியிலிருந்து பார்க்கும் பார்வை அற்புதமாக இருக்கும். கேனிபல் ஆக்ஸ் குழுவின் 'த கோல்ட் வெயின்' (2001) கறாராகப் பார்த்தால் அறிவியல் புனைகதையே இல்லை, நியூயார்க்கின் வறுமையைப் பற்றியது. ஆனால் எல்-பி என்ற தயாரிப்பாளர் அமைத்த இசை அந்த நகரத்தை உறைந்துபோன அயல்கோளாக்கிவிடுகிறது. விண்கலம் எதுவும் வராமலே எதிர்காலம் போல ஒலிக்க முடியும் என்று காட்டியதால் அதை இந்த வரிசையில் தயங்காமல் வைப்பேன்.

டெல்ட்ரானின் இரண்டாம் பாகமான 'ஈவென்ட் 2' 2013இல் வந்தது. பதின்மூன்று ஆண்டுக் காத்திருப்பு. விருந்தினர் பட்டியல் நீளம், வாத்தியக் குழுவோடு மேடை நிகழ்ச்சிகளும் நடத்தினார்கள், கதையும் முதலாவதைவிடத் தெளிவு. ஆனாலும் எனக்கு அது ஒரு படி கீழேதான். முதல் ஆல்பத்தில் டெல் அந்த உலகத்தைப் பேசப் பேசக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார், அந்தப் பரபரப்பு குரலில் கேட்கும். இரண்டாவதில் அவருக்கு வழி தெரியும். தெளிவான கதை வேண்டும் என்று நீங்கள் கேட்டதால்தான் இதைச் சொல்கிறேன். இரண்டையும் கேட்டுவிட்டு நீங்களே முடிவு செய்யுங்கள்.

முதல் ஆல்பத்தின் குறைகளையும் சொல்லிவிட வேண்டும். ஸ்கிட்டுகளில் இரண்டு மூன்று உண்மையிலேயே வீண், அந்த உலகத்துக்கு எதையும் சேர்ப்பதில்லை. பெண்களுக்கு அங்கே கிட்டத்தட்ட இடமே இல்லை. ஆயிரம் ஆண்டுகள் தாண்டிப் போய்க் கற்பனை செய்தவர்கள் இதை மட்டும் அப்படியே விட்டுவிட்டது எனக்கு வருத்தம்.

மூன்றாவது முறை கேட்கப்போகிறீர்கள் என்றால் ஒரு வழி சொல்கிறேன். 2001இல் இதன் இன்ஸ்ட்ருமென்டல் பதிப்பு, அதாவது ராப் இல்லாமல் இசை மட்டும் உள்ளது, தனியாக வெளியானது. முதலில் அதை ஒருமுறை ஓடவிடுங்கள். டெல்லின் குரல் மறைத்திருந்த வயலின்களும் வெறுமையும் மேலே வரும், அந்த நகரம் ஆளில்லாமல் எப்படி இருக்கிறது என்று தெரியும். பிறகு ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு அசல் ஆல்பத்தை முதல் நொடியிலிருந்து, ஸ்கிட் எதையும் தாண்டாமல் கேளுங்கள். முடிவுக்குச் சற்று முன்னால் ஷான் லெனன் பாடும் 'மெமரி லாஸ்' வரும்போது கொஞ்சம் ஒலியைக் கூட்டிக்கொள்ளுங்கள். அதுவரை வீரம் பேசிய குரல் அங்கே முதல்முறையாகக் களைத்திருக்கும்.